கண்ணில் வந்த வயிற்றுவலி

வெல்டருக்குக் கண் வலிப்பது சமையல்காரருக்குக் கை சுடுவது மாதிரி. அதற்கெல்லாம் யாரும் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. அவசரத்தில் கண்ணாடி மாட்டாமல் ஓர் இடத்தில் பற்றவைத்திருப்பார், அல்லது பக்கத்துப் பட்டறையில் பொறி பறக்கும்போது திரும்பிப் பார்த்துத் தொலைத்திருப்பார். அன்றைக்குப் படுக்கப் போகும்போது கண்ணுக்குள் ஒரு கை மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். இமையைத் திறக்க முடியாது. தண்ணீர் கொட்டும். பட்டறைத் தெருவில் இதற்கு ‘அடிச்சிருச்சு’ என்று பெயர். யாரை, எது அடித்தது என்று கேட்பவர் அந்தத் தெருவுக்குப் புதியவர். இருட்டறை, ஈரத்துணி, வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு இமைக்கு ஒன்றாக, கண் மரத்துப்போக மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. மறுநாள் பழையபடி வேலைக்கு வந்துவிடுவார்கள்.

அதனால்தான் அன்று காலையில் வெல்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “கண்ணு சரியாத் தெரியல” என்று சொன்னபோது அவர் மனைவி அடுப்பை விட்டு நகரவில்லை.

அவள் ராடு வறுத்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் வெல்டிங் ராடு நமுத்துப்போகும். நமுத்த ராடு ஒழுங்காகப் பிடிக்காது, பிசிறடித்து வேலையைக் கெடுக்கும். ஆகவே டீ போடுவதற்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டில் ராடுகளைப் பரப்பி அடுப்பில் வைத்துச் சூடு பண்ணுவது அவள் வழக்கம். ‘இன்னைக்கு உங்க வீட்டுல என்ன, ராடு வறுவலா?’ என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்வார்கள். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு தகரக் கதவு. வெல்டர் செய்து போடும் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாகச் செங்காவி நிற பிரைமர் அடிப்பவளும் அவள்தான்.

“நேத்து கண்ணாடி போட்டீங்களா, இல்லையா?” என்றாள் திரும்பாமலே.

“போட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா! கண்ணாடி போட்டமா இல்லையான்னு தெரியாம ஒரு மனுஷன் வேலை பாப்பாரா?”

அதற்குள் அவள் தம்பி வந்துவிட்டான். பட்டறையில் இரும்பு அறுப்பதும் தேய்ப்பதும் அவன் வேலை. ஆனால் அவனுக்குக் கிரைண்டர் என்று பெயர் வந்தது அதனால் அல்ல, சுவிட்சைப் போட்டால் நிற்காத அவன் வாயால். அக்கா புருஷனின் கண்ணை விரலால் விரித்துப் பார்த்து, பெரிய டாக்டர் போலத் தலையை ஆட்டினான்.

“அடிச்சிருக்குக்கா. சந்தேகமே இல்ல. நேத்து அந்த ஷெட்டு வேலையில மேல படுத்துக்கிட்டுப் பத்த வச்சாருல்ல, அப்ப அடிச்சிருக்கும். மாமா, நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்.”

“நீ என்னத்தடா பாப்ப? உனக்கு நேர் வெட்டே வராது.”

“கண்ணு தெரியாத நேரத்துலயும் என் வெட்டுதான் தெரியுதா உங்களுக்கு?”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் பிறகு வெகுநாள் வரை யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

வெல்டர் இருட்டறையில் படுத்துக்கொண்டார். அவள் உருளைக்கிழங்கை நறுக்கி இமைகள் மேல் வைத்துவிட்டு வந்து பிரைமர் டப்பாவைத் திறந்தாள். ஆனால் கை பிரஷ்ஷில் இருந்ததே ஒழிய மனசு அங்கே இல்லை. கண் விஷயம் அல்ல, வேறொன்று அவளை இரண்டு நாளாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவர் ஊதவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வெல்டர் ஒரு காலத்தில் குடித்தவர். சும்மா குடித்தவர் இல்லை, மூக்கு முட்டக் குடித்தவர். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தள்ளாடிக்கொண்டு வந்து நின்று, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து ‘யாருய்யா நீ?’ என்று கேட்டவர். அந்த வெட்கத்தில் குடியை விட்டார். விட்ட நாளிலிருந்து, வெளி வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் அவள் எதிரே வந்து நிற்பாள். “ஊதுங்க” என்பாள். அவர் வாயைக் குவித்து ஊதுவார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு வழி விடுவாள்.

முதலில் அவர் தலை குனிந்துகொண்டுதான் ஊதினார். போகப் போக அது வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. நெற்றி முடி பறக்கிற மாதிரி ஊதுவார், காதில் ஊதுவார், “இன்னைக்கு டீயும் பன்னும், சரியா முகந்து பாரு” என்பார். கல்யாணமாகிப் போன மகள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் வயசாக ஆகப் புத்தி கெட்டுப்போச்சு” என்று சிரித்தாள். நாலு வருஷமாக ஒரு நாளும் தவறவில்லை.

இரண்டு நாளாகத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய்விடுகிறார். “போ, அசதியா இருக்கு” என்கிறார். சோற்றில் கையை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். படுக்கையில் நிமிர்ந்து படுக்காமல் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், பெரிய கேட்டைத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்கிறார். குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம்கூட ஒரு முறை கேட்டது போல் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்திருக்கிறார்.

சாயங்காலம் அவள் உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டாள். கண் சிவக்கவே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் இமையைத் தாராளமாகத் திறந்து கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட கண் இப்படி இருக்காது என்பது அந்தத் தெருவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

“எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

“என்னைத் தெரியுதா?”

“சேலை தெரியுது. கை தெரியுது. பின்னாடி இருக்கற அலமாரி தெரியுது. உன் மூஞ்சி இருக்கற எடத்துல மட்டும் சாம்பல் பூசுன மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணுலயும்.”



*

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு மூவரும் பட்டறையின் லோடு வண்டியில் போனார்கள். விடியற்காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. வெல்டர் வழியெல்லாம் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அங்கே கண்மணி விரிய மருந்து விட்டு, ஓர் இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணுக்குள்ளே படம் எடுக்கிற இயந்திரம் அங்கேதான் இருந்தது. அதை இயக்கும் பெண்ணுக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும்.

“தாடையை இங்க வைங்க. நெத்தியை முன்னாடி ஒட்டுங்க. பச்சையா ஒரு புள்ளி தெரியுதா?”

“எங்கம்மா? சுத்தி எல்லாம் தெரியுது. புள்ளி எதுவும் இல்ல.”

“சரி, பரவால்ல, நேரா பாத்துக்கிட்டே இருங்க. இப்ப ஒரு வெளிச்சம் அடிக்கும்… ஐயோ, மூடிட்டீங்க. வெல்டர்னு சொன்னாங்க, இந்த வெளிச்சத்துக்குப் போயி பயப்படறீங்களே!”

“பயமில்லம்மா. குனிஞ்சு உக்காந்தா வர்ற மூச்சு நிமிந்தா வர மாட்டேங்குது” என்றார் அவர். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மனைவிக்கும் புரியவில்லை. வலியைத்தான் அவர் அப்படி மென்று முழுங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

படம் திரையில் வந்தது. செங்காவி நிறத்தில் ஒரு வட்டம், தான் தினமும் அடிக்கிற பிரைமர் நிறம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக ஓடின. அதன் மேல், பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். இடையிடையே சிவப்புக் கீறல்கள். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மற்றக் கண்ணையும் எடுத்தாள். அதுவும் அதே மாதிரிதான்.

கண் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, எங்கேயாவது விழுந்தீங்களா? நெஞ்சுல, தலையில அடிபட்டுச்சா?”

“இல்லம்மா. வெல்டிங் வெளிச்சம்தான் அடிச்சிருச்சு.”

“வெல்டிங் வெளிச்சம் பட்டா இப்படி ஆகாது. இது உள்ள ரத்த ஓட்டம் அங்கங்க அடைச்சுக்கிட்டதால வந்தது. வயிறு வலிக்குதா உங்களுக்கு?”

“வயிறா? இல்லயே.”

“மேடம், அவருக்குக் கண்ணுதான் தெரியல” என்றான் கிரைண்டர்.

“தெரியுதுப்பா. அதனாலதான் வயித்தைப் பத்திக் கேக்கறேன்.” டாக்டர் எழுந்து வந்து, மேல்வயிற்றில் விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அழுத்தினார். வெல்டர் “அம்மா!” என்று கத்திவிட்டார். இரும்பு காலில் விழுந்தபோதுகூட அப்படிக் கத்தாத மனிதர்.

டாக்டர் அதட்டவில்லை. பொறுமையாகவே விளக்கினார். “இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கு. அது திடீர்னு வீங்கிப் புண்ணாகிட்டா, அதோட பாதிப்பு ரத்தம் வழியா எங்க வேணா போகும். சில பேருக்குக் கண்ணு வரைக்கும் வரும். கண்ணுக்கு இப்ப தனியா மருந்து இல்ல. முதல்ல வயித்தைப் பாக்கணும். இது உயிருக்கே ஆபத்து. நான் எழுதித் தர்றேன், இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறோம்னு சொல்லாதீங்க.”

“எதனால வருதும்மா அது?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு காரணம்தான் அதிகம். ஒண்ணு குடி. இன்னொண்ணு பித்தப்பையில இருக்கற கல்லு நகந்து வந்து அடைக்கறது. அங்க பாத்துச் சொல்லிடுவாங்க.”

டாக்டர் என்னவோ இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். அவள் முதலாவதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதற்கு அவள் மனசில் இடமே இல்லை.

*

வண்டியில் ஏறி உட்காரும் வரைக்கும்தான் பொறுத்தாள்.

“குடிச்சீங்களா?”

“இல்ல.”

“என் தலையில கை வச்சுச் சொல்லுங்க.”

அவர் கையை நீட்டினார். தலை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் கை அவள் தோளில் பட்டது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

“ரெண்டு நாளா ஏன் ஊதல?”

“வாந்தி எடுத்திருந்தேன். புளிச்ச நாத்தம். ஊதுனா நீ என்ன நினைப்பேன்னு எனக்குத் தெரியும்.”

“வயிறு வலிக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா என்ன கேட்டிருப்ப? இப்பக் கேக்கறியே, அதைத்தான் கேட்டிருப்ப.”

“கேக்கற மாதிரிதானே நடந்துக்கிட்டீங்க வாழ்க்கை பூரா!”

கிரைண்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குறுக்கே வந்தான். “அக்கா, மாமா என் கூடத்தான் இருந்தாரு. ஷெட்டு வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்குத்தான் வந்தோம். சத்தியமாச் சொல்றேன்.”

“நீ பேசாதடா! அந்தக் காலத்துல வாங்கிக் குடுத்ததே நீதானே. களவாணிக்குக் களவாணி சாட்சியா?”

“நாலு வருஷம் முகந்து பாத்தியே, ஒரு நாளாவது வாடை வந்துச்சா?” என்றார் வெல்டர்.

“நாள் பூரா தின்னருலயும் பெயின்ட்டுலயும் கிடக்கற மூக்கு இது. இதுக்கு என்ன தெரியும்? என்னை முட்டாளாக்கிட்டு ஊதிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியிருந்தது. அவளுக்கு வந்தது பயம்தான். ஆனால் வாய் வழியாக வெளியே வந்தபோது கோபமாக வந்தது.

“கண்ணு அவிஞ்சு போனாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்” என்றாள்.

மழை கண்ணாடியில் அடித்தது. துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் கிரைண்டர் பக்கத்தில் இல்லை. அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினான். சொன்ன வார்த்தையை நாக்கைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொள்ள முடியுமா என்று அவள் அப்போதே நினைத்தாள். நினைத்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

*

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர், தூங்கிப் பல நாள் ஆனவர் போலிருந்தார், கண் டாக்டரின் தாளைப் படித்துவிட்டு நின்ற நிலையிலேயே கேட்டார்.

“குடிப்பாரா?”

“இல்லைங்க” என்றார் ஸ்ட்ரெச்சரில் கிடந்த வெல்டர்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பெண்டாட்டிகள்தான் உண்மை சொல்வார்கள் என்பது அவர் அனுபவமாக இருக்கலாம்.

“குடிப்பாருங்க” என்றாள் அவள். “விட்டுட்டேன்னு சொல்லுவாரு. நம்பாதீங்க.”

அவருக்கு உடம்பு குணமாக வேண்டும் என்றுதான் சொன்னாள். மறைத்தால் மருந்து மாறிப்போகுமே என்ற பதைப்பில்தான் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். வெல்டர் ஸ்ட்ரெச்சரில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வார்டில் அவர் குடிகாரர்தான். ரத்தப் பரிசோதனையில் கணையம் வீங்கியிருப்பது உறுதியாகிவிட்டது. வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்றார்கள், கையில் குளுக்கோஸ் ஏறியது. நர்ஸம்மா ஊசி போடும்போது, “குடிக்கறப்ப இனிச்சுதுல்ல, இப்ப அனுபவிங்க” என்றார். திடீரென்று குடி நின்றதில் கை நடுங்குகிறதா, பிதற்றுகிறாரா என்று அடிக்கடி வந்து பார்த்தார்கள். கை நடுங்கவில்லை, அவர் பிதற்றவும் இல்லை. இத்தனை தெளிவான குடிகாரரைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராததுதான் ஆச்சரியம். வயிற்றை ஸ்கேன் எடுக்கும் அறைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. “குடியால வந்ததுன்னுதானே இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று யாரோ சொன்னார்கள்.

மகள் ஃபோன் பண்ணினாள். அழுதுகொண்டே எடுத்த எடுப்பில் அவள் கேட்ட கேள்வி, “குடிச்சிட்டாராம்மா?”

“ஆமாடி” என்று சொல்லப் போனவள், ஏனோ, “தெரியலடி” என்றாள்.

வெளியே நடைபாதையில் கிரைண்டர் சுவரோரமாகக் குந்தியிருந்தான். ரொட்டியும் டீயும் வாங்கி வந்திருந்தான். இரண்டும் ஆறிப்போயிருந்தன. அவன் வாய் ஓய்ந்து அவள் பார்த்ததில்லை.

“நான்தான்க்கா அடிச்சிருச்சுன்னு சொன்னேன். ஒரு நாள் பூரா இருட்டுல படுக்கப் போட்டேன். கண்ணை விரிச்சுப் பாத்தேன், செவப்பே இல்ல. பாத்தும் சொன்னேன். வேற எதுவும் வரும்னே எனக்குத் தோணல.”

“விடுடா.”

“நீயும் விடுக்கா. மாமா குடிக்கல. நான் களவாணிதான், ஆனா இது பொய் இல்ல. அன்னைக்கு ஷெட்டுக்காரர் எங்களுக்குப் பாட்டில் குடுத்தாரு. நான்தான் குடிச்சேன். மாமா தொடல. நீ திட்டுவேன்னுதான் நான் குடிச்சதைச் சொல்லல.”

அவள் தம்பியை வெறித்துப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அப்போதும் தடுமாறினாள். பழகிய அவநம்பிக்கை அத்தனை லேசில் விட்டுவிடுமா?

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டதை முதலில் பார்த்தவள் அவள்தான். ஓடிப் போய் நர்ஸம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு எல்லாம் தலைதெறிக்க நடந்தது. பெரிய டாக்டர் வந்தார், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து நேராக வேறொரு அறைக்கு. அவள் மூடிய கதவுக்கு வெளியே நின்றாள். தெய்வத்திடம் எதையாவது வேண்டிக்கொள்ளலாம் என்றால், ‘கண்ணு அவிஞ்சு போனாத்தான்’ என்று அவள் சொன்னது தெய்வத்தின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்குமே என்ற பயம் வந்தது. ஒன்றும் வேண்டிக்கொள்ளாமலே நின்றாள்.

பெரிய டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

“கல்லு. பித்தப்பையிலேருந்து நகந்து வந்து குழாயில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. வாய் வழியா டியூப் விட்டு எடுத்தாச்சு. பித்தப்பை நிறையக் கல்லு இருக்கு, உடம்பு தேறுனப்புறம் அதையும் எடுத்துடணும்.”

“அப்ப… குடி?”

“குடிச்சிருந்தாரான்னு எனக்குத் தெரியாது. இது கல்லால வந்ததும்மா. முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தா காய்ச்சல் வர்ற வரைக்கும் விட்டிருக்க வேண்டாம். குடியால வந்ததுன்னு எழுதியிருந்துச்சு, யாரு சொன்னாங்களோ.”

அவள் ஒரு நாற்காலியைத் தேடினாள். கிடைக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு நினைவு தெளிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கட்டிலின் பக்கத்தில் போய் நின்றாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

“கல்லாம்.”

“ம்” என்றார் அவர்.

அவ்வளவுதான். அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

*

உயிர் பிழைத்தார். மழைக்காலம் முடிந்து, பித்தப்பையையும் எடுத்து, பாதி உடம்பாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கஞ்சியில் தொடங்கி, குழைந்த சோறு, அவித்த முட்டையின் வெள்ளை என்று மெல்ல மெல்லச் சாப்பிடப் பழகினார்.

கண் டாக்டரிடம் மறுபடியும் போனார்கள். அதே இருட்டறை, அதே பெண். திரையில் படம் வந்ததும் வெல்டரின் மனைவி எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. சிவப்புக் கீறல்களும் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

“சரியாயிருச்சு! பாருங்க, எல்லாம் போயிருச்சு!” என்று அவர் கையைப் பிடித்துக் கத்திவிட்டாள்.

அந்தப் பெண் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். கண் டாக்டர்தான் சொன்னார். “திட்டு மறைஞ்சிடும்மா, அது மறையத்தான் செய்யும். ஆனா அந்த எடத்துல இருந்த நரம்பு மெலிஞ்சு போச்சு. பார்வையோட நடுப்பகுதி அது. இன்னும் சில மாசத்துல கொஞ்சம் முன்னேறலாம். முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஓரத்துப் பார்வை நல்லா இருக்கு, நடமாடறதுக்குக் கஷ்டம் இருக்காது. வெல்டிங் வேண்டாம்.”

“அது தெரிஞ்சதுதாங்க” என்றார் வெல்டர். “ராடு முனை எங்க இருக்குன்னே தெரியாம என்னத்த வைக்கறது.”

பட்டறையைக் கிரைண்டர் பார்த்துக்கொண்டான். அவன் வைக்கிற பற்று எல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தது. வெல்டர் விரலால் தடவிப் பார்த்து, “மறுபடியும் வைடா” என்பார். அவன் முணுமுணுக்காமல் வைப்பான். மற்ற நேரங்களில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் பற்றவைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்காது. வாங்கிய வேலைகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இனி என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அது உண்மையாகிவிடும்.

அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்காமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது அது. அவள் எதிரே உட்கார்ந்தால் அவர் பார்வை அவளைத் தாண்டிச் சுவருக்கோ கதவுக்கோ போய்விடும். சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்வார், திட்டுவதில்லை, முறைப்பதில்லை, ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் பார்வை பக்கவாட்டில் நழுவிப் போகும், அவளுக்கும் வார்த்தை அறுந்துபோகும். நடுவில்தானே தெரியவில்லை, என் பக்கமாவது திரும்பக் கூடாதா, அந்த அளவுக்கு வெறுத்துவிட்டாரா என்று அடுப்படியில் நின்று அழுவாள். நான் சொன்னதற்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று தன்னையே நொந்துகொள்வாள்.

ஒரு நாள் மத்தியானம், அவள் பிரைமர் அடித்துவிட்டு வந்து அவருக்குச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போலக் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, உடைந்துவிட்டாள்.

“நான் பேசுனது தப்புதான். டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னது அதைவிடத் தப்பு. பாவி நான். உங்க வாயால ரெண்டு வார்த்தை திட்டிடுங்க. கையில எது கிடைக்குதோ அதை எடுத்து அடிங்க. ஆனா இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காதீங்க. என்னால முடியல. ஒரே ஒரு தடவை என்னைப் பாத்துப் பேசுங்க.”

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

“உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்க பாக்கறீங்க? அந்தக் கதவைப் பாக்கறீங்க.”

“கதவைப் பாத்தாத்தான் நீ தெரியற” என்றார் வெல்டர். “நேரா உன்னைப் பாத்தா நீ இருக்க மாட்டேங்கற, சாம்பல்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஜன்னலைப் பாத்தேன், அப்ப தற்செயலா ஓரத்துல உன் மூஞ்சி வந்துச்சு. மங்கலாத்தான். அப்படியே பிடிச்சு வச்சுக்கிட்டேன். இப்பக்கூட நெத்தியில பிரைமர் ஒட்டியிருக்கு பாரு உனக்கு.”

அவள் நெற்றியைத் தொட்டாள். விரலில் செங்காவி ஈரமாக ஒட்டியது.

அந்த விரலைப் பார்த்தபடியே, “அப்ப என் மேல கோவம் இல்லையா?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றார். “நிறைய இருக்கு. அது போகுமான்னு எனக்குத் தெரியல. அதுக்காக உன்னைப் பாக்காம இருக்க முடியுமா?”

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்ற ஆசையில், தன்னையறியாமல் நகர்ந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த கதவு நிலைக்கு முன்னால் போய் நின்றாள்.

“அங்க போகாத” என்றார் அவர் அவசரமாக. “அங்க போனா நீ தெரிய மாட்ட.”

அவள் திரும்பி வந்து முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கும் வரை அசையவில்லை.